ராஜா என்ற பட்டம் நிதித்துறையில் வேலை வாங்கித் தருமா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கோடியக்கரை. அப்பா வேதாரண்யம் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். அம்மா பிறந்த வீடு பட்டுக்கோட்டைச் சீமையில் பழைய பாளையக்காரர் வம்சம். ஜமீன் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டாலும், ஊர்க்கோயில் திருவிழாவில் முதல் மரியாதை இன்றும் அந்த வீட்டுக்குத்தான். மாமாவுக்குப் பிள்ளை இல்லாததால் என்னைத்தான் 'சின்ன ஜமீன்' என்று கூப்பிடுகிறார்கள். பி.காம். முடித்துவிட்டேன். வங்கி, பங்குச்சந்தை, நிதி நிறுவனம் என்று எதிலாவது நுழைய ஆசை. பயோடேட்டாவில் பெயருக்கு முன்னால் 'ராஜா' என்று போட்டால் கதவு திறக்கும் என்கிறார் மாமா. இதற்கிடையில், புதிதாகத் தொடங்கும் ஒரு நிதி நிறுவனத்தார் வீடு தேடி வந்தார்கள். என்னைக் 'கௌரவ இயக்குநர்' ஆக்குவார்களாம். விளம்பரத்தில் ஜமீன் பெயரையும் என் படத்தையும் போட்டுக்கொண்டு மாதாமாதம் ஒரு தொகை தருவார்களாம். வெளிநாட்டில் இளவரசர்கள் வங்கிகளில் பெரிய பதவியில் இருப்பதாகப் படித்திருக்கிறேன். எனக்கும் இந்தப் பட்டம் உதவுமா? அவர்கள் சொல்வதற்குச் சம்மதிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோடியக்கரை

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் நகல், பான் கார்டு நகல், புகைப்படம் எதையும் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பட்டத்துக்கு வருவோம். அரசு யாருக்கும் பட்டம் வழங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு சொல்கிறது. சமஸ்தானத்து மன்னர்களுக்கு மிச்சமிருந்த அங்கீகாரமும் மன்னர் மானியமும் 1971 டிசம்பரில் 26-ஆவது திருத்தத்தோடு முடிந்துபோயின. உங்கள் அம்மா வீட்டின் நிலை அதற்கும் முன்பே தீர்ந்துவிட்டது. ஜமீன்களை 1948-ஆம் ஆண்டின் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஊரார் 'சின்ன ஜமீன்' என்று கூப்பிடுவது அவர்கள் உங்கள் வீட்டுக்குக் காட்டும் மரியாதை. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, நீங்களும் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பயோடேட்டா வேறு. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ ஆளெடுக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எதிலும் இல்லாத 'ராஜா' விண்ணப்பத்தில் மட்டும் இருந்தால், எழுதியவர் ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்கிறவர் என்ற எண்ணம் வரும். வேறு தொழிலில் அது சின்ன விஷயமாகப் போகலாம். பிறர் பணத்தைக் கையாளும் தொழிலில் அந்த எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால் துடைப்பது கடினம். வாண்டையார், மழவராயர் என்று நம் பக்கத்துப் பட்டப்பெயர் ஏதாவது உங்கள் சான்றிதழிலேயே பெயரின் பகுதியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். புதிதாக எதையும் ஒட்ட வேண்டாம்.

வெளிநாட்டு இளவரசர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் படித்தது உண்மைதான். லீக்டன்ஸ்டைன் என்ற சிறிய நாட்டின் அரச குடும்பத்துக்கு எல்.ஜி.டி. என்ற பெரிய தனியார் வங்கி சொந்தம். அக்குடும்பத்து இளவரசர் மேக்ஸ் அதன் தலைமையில் பல ஆண்டுகள் இருந்தார். சவூதி இளவரசர் அல்வலீத் 1991-இல், நெருக்கடியில் இருந்த அமெரிக்காவின் சிட்டிகார்ப் வங்கியில் ஏறத்தாழ 59 கோடி டாலர் போட்டு உலகப் புகழ் பெற்றார். இருவரையும் உட்கார வைத்தது முதல். ஒருவரின் குடும்பத்துக்கு வங்கியே சொந்தம், இன்னொருவர் மூலதனத்தோடு வந்தவர். அந்த மேக்ஸ்கூட ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்து, நியூயார்க்கிலும் ஐரோப்பாவிலும் வேறு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டுத்தான் குடும்ப வங்கிக்குள் வந்தார். சொந்த வங்கியில் நுழையவே இவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காகவே வேலை கொடுத்த வங்கிகளும் உண்டு. அதன் முடிவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆசியாவில், முக்கியமாகச் சீனாவில், அதிகாரிகளின் பிள்ளைகளையும் உறவினர்களையும் வேலைக்கு எடுத்து அவர்கள் மூலம் தொழில் பிடித்தது என்ற வழக்கில் ஜே.பி. மார்கன் வங்கி 2016 நவம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகளுக்குச் சுமார் 26.4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மத்திய கிழக்கில் ஓர் அரசு முதலீட்டு நிதியத்தின் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேலை கொடுத்ததற்காக பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன் 2015-இல் 1.48 கோடி டாலர் கட்டியது. இந்த வழக்குகளுக்குப் பிறகு பெரிய பன்னாட்டு வங்கிகளில் சிபாரிசோடு வரும் விண்ணப்பம் தனியாக ஆய்வுக்குப் போகிறது. செல்வாக்குள்ள குடும்பப் பெயர் இருந்தால் கேள்விகள் கூடுகின்றன.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். உங்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இருப்பது இங்கேதான். டெல்டாவின் வரலாற்றில் அரச பட்டமும் பணக்கணக்கும் சந்தித்த இடங்களைத் தேடினால், பட்டம் பெரும்பாலும் கடன்பட்டவர் பக்கம்தான் நிற்கிறது. 1773-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்துத் துளஜா மகாராஜாவைச் சிறைவைத்தார். லண்டனிலிருந்து உத்தரவு வந்து, 1776-இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு ராஜ்யத்தைத் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போது பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் ஒருவர் எழுந்தார். பெரிய பதவியோ பெரிய சம்பளமோ இல்லாத ஆள். நவாபுக்கும் தஞ்சாவூர்க் குடிகளுக்கும் தான் பெரும் தொகை கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சை வயல்களின் விளைச்சல் தனக்கு எழுதப்பட்டிருப்பதாகவும் கோரினார். பிகட் அதை ஏற்கவில்லை. அவருடைய சொந்த ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினரே 1776 ஆகஸ்டில் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே அவர் இறந்துபோனார். 1785-இல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய புகழ்பெற்ற உரை இந்தக் கொள்ளையைத்தான் கிழித்துக் காட்டியது.

நெல் காவிரிப் பாசனத்தில் விளைந்தது. பட்டங்கள் நவாபிடமும் ராஜாவிடமும் இருந்தன. கடன் பத்திரங்கள் பென்ஃபீல்டின் பெட்டியில் இருந்தன. யாருடைய கை ஓங்கியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. (அந்தக் கையும் நிலைக்கவில்லை. லண்டனுக்குப் போய்ப் பெரிய பணத் தொழில் நடத்திய பென்ஃபீல்டு, அது நொடித்துப்போய், 1810-இல் பாரிஸில் வறுமையில் செத்தார்.)

1855-இல் இரண்டாம் சிவாஜி மகாராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது தஞ்சாவூரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ராஜ்யத்தோடு அரண்மனைக் குடும்பத்தின் சொந்தச் சொத்தையும் சேர்த்து எடுத்தது. மூத்த ராணி காமாட்சி பாயி சாகிப் வழக்குப் போட்டு சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அது அரசின் செயல், எந்த நீதிமன்றமும் அதில் தலையிட முடியாது என்றது. 1862-இல் சொத்து குடும்பத்துக்குத் திரும்பியது, அரசின் கருணைக் கொடையாக. ராணி என்ற பட்டம் இருந்தும் தன் வீட்டு நகையையும் நிலத்தையும் கேட்டு ஏழு வருடம் நிற்க வேண்டியிருந்தது.

இப்போது எதிர்த்திசையில் போன ஒருவரைச் சொல்கிறேன். உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 1828-இல் கும்பகோணத்தில், தஞ்சாவூர் மராத்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டி. மாதவராவ். சென்னையில் பவல் துரையிடம் படித்தார், கணக்கில் கெட்டிக்காரர். முதலில் சில காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய தகப்பனாரும் பெரிய தகப்பனாரும் திருவிதாங்கூரில் திவான்களாக இருந்தவர்கள். குடும்பச் செல்வாக்கு இல்லாத பிள்ளை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1849-இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக அவர் அழைக்கப்பட்டதில் அந்தச் செல்வாக்குக்குக் கட்டாயம் பங்கு உண்டு.

ஆனால் அடுத்து நடந்ததைச் செல்வாக்கால் செய்ய முடியாது. 1850-களின் நடுவில் திருவிதாங்கூர் கஜானா வற்றிக் கிடந்தது. உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளம் பாக்கி. நிர்வாகம் திருந்தாவிட்டால் ராஜ்யத்தையே எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி மிரட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மாதவராவ் திவானானார், முப்பது வயதுகூட ஆகவில்லை. அரசின் வியாபார ஏகபோகங்களை ஒவ்வொன்றாக விட்டார், புகையிலை உட்பட. ஏகபோகத்தை விட்டால் வருமானம் போய்விடுமே என்று அரண்மனையில் பயந்தார்கள். வியாபாரம் பெருகினால் சுங்கத்தில் அது திரும்பி வரும் என்று அவர் கணக்குப் போட்டார். ஜனங்களை நசுக்கிய சின்னச் சின்ன வரிகளை எடுத்தார். பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்தார். 1863 வாக்கில் சமஸ்தானத்தின் கடன் தீர்ந்தது. வரவு செலவை ஆண்டறிக்கையாக எழுதி வெளியே தெரியும்படி வைத்தார். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த இடத்துக்கே 'ஸ்டாச்சு' என்றுதான் பெயர்.

அங்கிருந்து இந்தோர், பிறகு 1875-இல் பரோடா. ஊதாரித்தனத்தால் குலைந்திருந்த பரோடா கஜானாவை ஏழு வருடத்தில் நிமிர்த்தினார். அங்கே சிம்மாசனத்தில் இருந்தவர், நாசிக் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உழவர் குடும்பத்தில் பிறந்து தத்தெடுக்கப்பட்ட சிறுவன் சயாஜிராவ். அவருடைய கல்விக்கும் மாதவராவ்தான் பொறுப்பு. கணக்கின் அருமை தெரிந்து வளர்ந்த அந்தச் சிறுவன்தான் பின்னாளில் 1908 ஜூலையில் பேங்க் ஆஃப் பரோடாவைத் தொடங்கி வைத்த மகாராஜா மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். இதில் உங்களுக்கு நான் காட்ட விரும்புவது ஒன்று. மாதவராவின் பெயருக்கு முன்னால் 'ராஜா' என்று இருக்கும், ராஜா சர் டி. மாதவராவ் என்று. அந்த 'ராஜா' 1877-இல்தான் வந்தது. இரண்டு சமஸ்தானங்களில் திவானாக இருந்து, மூன்றாவதிலும் பொறுப்பேற்ற பிறகு. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ் வேலை முதலில், பட்டம் கடைசியில்.

செட்டிநாட்டிலும் இதே வரிசைதான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் 'சர்' 1923-இல் வந்தது. 'செட்டிநாட்டு ராஜா' என்ற பரம்பரைப் பட்டம் 1929-இல் வந்தது. லேவாதேவிக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அண்ணன் ராமசாமிச் செட்டியார் இந்தியன் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தொழிலும் கொடையும் பெருகியபின் பட்டம் தேடி வந்தது. நகரத்தார் தங்கள் பிள்ளைகளைத் தொழிலில் பழக்கிய விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரங்கூன் மொகல் தெருவிலோ கொழும்பிலோ பினாங்கிலோ இருந்த கிட்டங்கியில் முதல் படி 'பெட்டியடிப் பையன்'. கடையைக் கூட்டுவான், கடிதம் கொண்டுபோவான், பெரியவர்கள் பேரேடு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். வட்டியை மனக்கணக்காகச் சொல்லத் தெரிந்த பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள், கடைசியில் கடைக்குப் பொறுப்பான ஏஜெண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளையையே இன்னொருவர் கடையில் பெட்டியடியாக வைத்துப் பழக்கிய குடும்பங்கள் உண்டு. சொந்தக் கடையில் விட்டால் ஆட்கள் அவனுக்குக் கூழைக்கும்பிடு போடுவார்கள், அவன் தொழில் கற்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லீக்டன்ஸ்டைன் இளவரசரை வெளியே வேலை பார்த்துவிட்டு வரச் செய்த அதே அறிவு.

பட்டம் முதலில் வந்து நிதித்துறையில் நுழைந்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறார்கள். அந்தக் கதைகள்தான் உங்கள் வீட்டுக்கு வந்த ஆட்களைப் பற்றி என்னைக் கவலைப்பட வைக்கின்றன.

டஃப்ரின் பிரபு 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர். உலகின் பல தலைநகரங்களில் தூதராக இருந்து நல்ல பெயர் எடுத்தவர். முதுமையில் அவருக்குப் பண முடை. விட்டேக்கர் ரைட் என்ற சுரங்கப் பங்கு வியாபாரி அவரைத் தேடி வந்து, லண்டன் அண்டு குளோப் என்ற நிதி நிறுவனத்துக்குத் தலைவர் ஆக்கினார். டஃப்ரினுக்குக் கம்பெனிக் கணக்குத் தெரியாது, அதை அவரே மறைக்கவும் இல்லை. ஆனால் முன்னாள் வைஸ்ராயின் பெயரைப் பார்த்து ஜனங்கள் பங்கு வாங்கினார்கள். 1900 டிசம்பர் கடைசியில் அந்த நிறுவனம் விழுந்தது. டஃப்ரின் ஒரு பைசா திருடவில்லை. தன் சொந்தப் பணத்தையும் அதில் போட்டு இழந்தவர். இருந்தும் ஏமாந்த பங்குதாரர்கள் முன்னால் மேடையேறி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது அவருக்குத்தான். அடுத்த ஆண்டுக்கு மேல் அவர் அதிக காலம் வாழவில்லை. 1902 பிப்ரவரியில் இறந்தார். ரைட்டுக்கு 1904-இல் ஏழாண்டு தண்டனை கிடைத்தது. அன்றே கோர்ட்டில் விஷம் தின்று செத்தார். அந்தக் காலத்து லண்டனில் பிரபுக்களுக்குப் பணம் கொடுத்துப் பெயரை வாங்கி நிறுவன அறிக்கையில் அச்சிடுவது ஒரு தொழிலாகவே நடந்தது. அதில் கைதேர்ந்த எர்னஸ்ட் ஹூலி 1898-இல் திவாலானார்.

சென்னையில் நடந்தது இன்னும் நெருக்கம். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் வங்கி கதவைச் சாத்தியது. நூறாண்டுப் பழமையான கம்பெனி, நடத்தியவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். அந்த 'சர்' பட்டத்தையும் வெள்ளைக்காரத் துரை வீட்டுப் பெயரையும் நம்பி, ஓய்வூதியம் வாங்கியவர்களும் விதவைகளும் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். எல்லாம் போயிற்று. சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். பணம் போட்டவர்கள் பக்கம் நின்று வழக்காடியவர் திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர். வழக்கோடு அவர் நிற்கவில்லை. நம் ஜனங்களின் பணத்துக்கு நம்மவர் நடத்தும் வங்கி வேண்டும் என்று செட்டிநாட்டு முதலோடு சேர்ந்து இந்தியன் வங்கியை உருவாக்கினார். அது 1907 ஆகஸ்ட் 15-இல் வேலை தொடங்கியது. அதற்கும் மூன்றாண்டு முன்பே, 1904-இல், கும்பகோணம் வங்கி பிறந்துவிட்டது. இன்று அதுதான் சிட்டி யூனியன் வங்கி. டெல்டாவின் மிராசுதாரரும் வியாபாரியும் பணம் போட்ட வங்கி. எந்த அரண்மனையும் அதைத் தொடங்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். 'கௌரவ இயக்குநர்' என்று கம்பெனிச் சட்டத்தில் ஒன்று கிடையாது. உங்களுக்கு இயக்குநர் அடையாள எண் வாங்கி, பெயரைக் கம்பெனிப் பதிவாளரிடம் சேர்த்துவிட்டால் நீங்கள் இயக்குநர்தான். பொறுப்பு முழுசாக உங்கள் தலையில். பதிவு செய்யாமல் விளம்பரத்தில் மட்டும் இயக்குநர் என்று போட்டால் அது பொய், அந்தப் பொய்யில் உங்கள் முகம் இருக்கும். முதலீட்டாளர் பணத்தைத் திருப்பித் தராத நிறுவனங்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை, சொத்து முடக்கம், தனி நீதிமன்றம். 2019-இல் வந்த மத்தியச் சட்டம் அனுமதி இல்லாத டெபாசிட் திட்டங்களையே தடை செய்கிறது, அதை விளம்பரப்படுத்துவதையும் சேர்த்து.

அவர்கள் ஏன் வேதாரண்யத்தில் ஒரு சி.ஏ. படித்தவரைத் தேடாமல் உங்களைத் தேடி வந்தார்கள்? பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் உங்கள் தாத்தா பெயரைக் கேட்டால் மூதாட்டிகள் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்பதால். அந்தக் கும்பிடு அவர்களுக்கு வேண்டும். நகைக்கடன் மீட்ட பணம், மகளுக்குச் சேர்த்த பணம், கஜா புயலில் விழுந்த தென்னைக்கு வந்த நிவாரணத்தில் மிச்சம் பிடித்த பணம், எல்லாம் 'சின்ன ஜமீன் படம் போட்டிருக்கே' என்று அங்கே போகும். நிறுவனம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி வருமுன் அடுத்தவர் பணத்துக்கு உங்கள் பெயரை ஜாமீன் வைக்கக் கூடாது. உங்கள் முன்னோர் சேர்த்த மரியாதை ஊராருடைய நம்பிக்கையில் இருக்கிறது. அதை விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, உங்களிடம் உண்மையில் இருப்பது என்ன? உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்தில் எனக்குப் பெரிய சொத்து தெரிகிறது. அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். ஒரு சீசன் முழுக்க அவர் பக்கத்தில் உட்காருங்கள். உப்பு வாருவது கோடையில், மழை தொடங்கினால் பாத்தி மூழ்கிவிடும். ஆறேழு மாத வருமானத்தை வைத்துப் பன்னிரண்டு மாதக் கூலி, பம்பு செட்டு, குத்தகை எப்படிச் சமாளிக்கிறார்கள்? வியாபாரி முன்பணம் எப்போது தருகிறார், அதற்காக விலையில் எவ்வளவு பிடிக்கிறார்? ஐப்பசி தொடங்கி மாசி வரை பிற ஊர் மீனவர்கள் கோடியக்கரையில் வந்து தங்கித் தொழில் செய்கிறார்களே, அவர்களுக்கு டீசலுக்கும் வலைக்கும் பணம் யார் கொடுக்கிறார்கள், கரைக்கு வந்த மீனில் அது எப்படிக் கழிகிறது? கிசான் கிரெடிட் கார்டு மீன்பிடித் தொழிலுக்கும் விரிவுபடுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் தெருவில் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், வாங்காதவர்கள் ஏன் வாங்கவில்லை? கிராமக் கடனைப் பற்றி நேர்முகத் தேர்வில் கேட்டால், புத்தகத்தில் படித்தவர்கள் நடுவில் இதைக் கண்ணால் பார்த்த நீங்கள் தனியாகத் தெரிவீர்கள். அம்மா வீட்டுக் கோயில் திருவிழாவின் வரவு செலவை நீங்கள் எழுதியிருந்தால் அதைப் பயோடேட்டாவில் எழுதுங்கள். நூறு பேர் கேள்வி கேட்கும் கணக்கு அது, நல்ல அனுபவம். ஜமீன் வம்சம் என்பதை எழுத வேண்டாம். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. பி.காமில் 55 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் சி.ஏ.வில் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு ஆண்டுதான். அவ்வளவு காலம் பொறுக்க வீட்டு நிலைமை இடம் தராவிட்டால், ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிராம வங்கித் தேர்வை எழுதுங்கள். தமிழ்நாடு கிராம வங்கிக்கு அதன் வழியாகத்தான் ஆளெடுக்கிறார்கள், தமிழ் தெரிவது அங்கே அவசியத் தகுதி. மாவட்டக் கூட்டுறவு வங்கிகளுக்குக் கூட்டுறவுப் பயிற்சிப் பட்டயம் தேவை. மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போக விரும்பினால் என்.ஐ.எஸ்.எம். விநியோகஸ்தர் தேர்வு இருக்கிறது. தேர்ந்தபின் ஆம்ஃபி அமைப்பில் பதிவு எண் வாங்கித் தொழில் தொடங்கலாம், மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று வருடம் நாகப்பட்டினத்திலோ கும்பகோணத்திலோ ஒரு நல்ல ஆடிட்டரிடம் வேலைக்குச் சேருங்கள் என்பேன். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். பல தொழில்களின் கணக்கு ஒரே மேசைக்கு வரும் இடம் வேறு கிடையாது. இன்றைய பெட்டியடி அதுதான்.

வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து, பணக்காரக் குடும்பங்களின் முதலீட்டைக் கவனிக்கும் பிரிவுக்கு நீங்கள் போனால், அங்கே உங்கள் வம்சப் பெயர் ஒரு வாடிக்கையாளரோடு பேச்சைத் தொடங்க உதவலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு இரண்டாவது சந்திப்புக்குப் போவது நீங்கள் கையில் கொண்டுபோகும் கணக்கைப் பொறுத்தது.

மாமாவிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், வீட்டின் பெயர் இன்னொரு தலைமுறைக்கு நிற்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார். மாதவராவ் கதையை அவருக்குச் சொல்லுங்கள், ரசிப்பார். வந்த நிறுவனத்தைப் பற்றி அவரையும் உட்கார வைத்துக்கொண்டு, ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் அவர்களுக்கு டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அது 'நிதி' (Nidhi) என்ற வகைக் கம்பெனி என்றால், உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கும் மத்திய அரசின் அங்கீகாரம் வந்துவிட்டதா என்று கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் உங்கள் பதில் 'வேண்டாம்' என்பதுதான். புகைப்படத்தையோ ஆதார் நகலையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், என் பெயரையும் படத்தையும் குடும்பப் பெயரையும் எந்த விளம்பரத்திலும் பதிவிலும் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை என்று தேதியிட்டு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் படம் எங்காவது வந்தால் நாகப்பட்டினம் மாவட்டக் காவல் அலுவலகத்தில் அந்தக் கடித நகலோடு புகார் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம்.